திருகோணமலையில் வீடும் வெள்ளமும் காப்புறுதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கங்களில் வெள்ளம் வடிந்த பிறகு இழப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் சில மாரிகளாகச் செய்து வருகிறேன். போகிற வீடுகளில் அலுமாரிக் கதவு ஊறிப் புடைத்துத் திறக்க முடியாமல் நிற்கும். காணி உறுதியும் காப்புறுதிப் பத்திரமும் அதற்குள்தான் இருக்கும். ஒரு வீட்டில் கோடரியால் பிளந்து எடுத்தோம். ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கிணற்றுக்கட்டில் வெயில் படப் பரப்பி வாசித்தோம். 'தீ, மின்னல்' என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதினொரு வருடம் பணம் கட்டிய அந்த ஆசிரியை பேசாமல் நின்றார். அவரைப் போல இன்னொருவர் நிற்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கேள்விகள் எல்லாம் ஆட்கள் என்னிடம் நேரில் கேட்டவை.

எங்கள் வளவுக்கு எந்தத் தண்ணீர் வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

'வெள்ளம்' என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் நாலு வழியால் வரும். ஒவ்வொன்றும் வருகிற வேகம் வேறு, நிற்கிற காலம் வேறு.

முதலாவது ஆற்று வெள்ளம். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகிறது. அதிலிருந்து பிரிந்த வெருகலாறு தெற்கே போய்க் கடலில் விழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூதூர், சேருவில, வெருகல் பிரதேசங்களின் தாழ்ந்த நிலம் முழுவதும் ஆறு தன் மண்ணைக் கொண்டுவந்து போட்டு உண்டாக்கியது. வயலுக்கு நல்ல மண். ஆனால் ஆறு நிறைந்தால் முதலில் வந்து உட்காருகிற இடமும் அதுதான். வடக்கே யான் ஓயாவின் கீழ்ப்பகுதியும் இப்படித்தான்.

இரண்டாவது குளத்துத் தண்ணீர். குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வான் வழியே பாய்வதும், வான்கதவு திறப்பதும் ஒவ்வொரு மாரியிலும் நடப்பவை. கட்டு உடைவது அரிது, ஆனால் நடக்காத காரியம் இல்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள். அது மாரிகாலமும் இல்லை. கந்தளாய்க் குளத்துக்குக் கீழே தம்பலகாமம் வரை இருக்கிறவர்கள் தங்கள் வீடு குளத்தின் வான் ஓடும் பாதைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது களப்பும் கடலும். நிலாவெளி, இறக்கக்கண்டி, சாம்பல்தீவு, கிண்ணியாக் கரையோரங்களில் மழைத்தண்ணீர் களப்பில் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தாலோ, வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து நின்றாலோ தண்ணீர் திரும்பி வளவுக்குள் ஏறும். 2004இல் வந்த ஆழிப்பேரலையையும் இந்தக் கரைகள் கண்டிருக்கின்றன.

நாலாவது, நின்ற இடத்தில் பெய்யும் மழை. வடிகானை மூடிக் கட்டியதும், பள்ளக்காணியை மண் போட்டு நிரப்பியதும் சேர்ந்து பட்டணத்தின் உள்வீதிகளில் இரண்டு மணித்தியால மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது. இந்தத் தண்ணீர் சீக்கிரம் வடியும். ஆற்று வெள்ளமோ நாட்கணக்கில் நிற்கும். சுவர் ஊறி விழுவது அந்த நாட்களில்தான்.

உங்கள் வீட்டுக்கு எது என்று அறிய அயலில் உள்ள வயதானவர்களிடம் போங்கள். 1957 டிசம்பர் வெள்ளத்தில் எது வரை வந்தது, 1964 சூறாவளியில் எது, 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இரண்டு தரம் வந்ததில் எது என்று கேளுங்கள். எந்த மரத்தடி வரை, எந்தப் படி வரை என்று கையைக் காட்டிச் சொல்வார்கள். அந்த இடத்தையும் உங்கள் வாசற்படியையும் ஒரு ரசமட்டக் குழாயால் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த மேசனிடமும் அந்தக் குழாய் இருக்கும், அரை மணித்தியால வேலை. அதோடு பிரதேச செயலகத்தில் அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரிடம் உங்கள் கிராம சேவகர் பிரிவின் வெள்ள வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே வெயில் எறிக்குது. பிறகு ஏன் எங்களை எழும்பிப் போகச் சொல்கிறார்கள்?

உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் உங்கள் ஊரில் பெய்த மழையாக இருக்க வேண்டியதில்லை. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழை அந்த ஒரு ஆற்றுக்குள் வடிகிறது. நுவரெலியாவிலும் கண்டியிலும் பெய்த மழை விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைத் தாண்டி, பொலன்னறுவைக்குக் கிட்ட மனம்பிட்டியைக் கடந்து, கடைசியாக எங்களிடம் வருகிறது. வந்து சேர ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். மலையில் மழை விட்ட பிறகுதான் எங்களுக்கு ஆபத்துத் தொடங்குகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது இது கண் முன்னால் நடந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்த அந்த அனர்த்தத்தில், மலைநாட்டு மண்சரிவுச் செய்திகளை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மழைத்தண்ணீர் முழுவதும் எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. நவம்பர் 30ஆம் திகதி எங்கள் பக்கத்து மாவிலாற்றுக் கட்டு உடைப்பெடுத்தது.

ஆகவே மாரியில் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் ஆறுகளின் மட்டத்தை அறிவிக்கும்போது மகாவலிக்கு மனம்பிட்டியையும், யான் ஓயாவுக்கு ஹொரவப்பொத்தானையையும் பாருங்கள். எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம் என்று மூன்று படி இருக்கும். மனம்பிட்டியில் எண் ஏறிக்கொண்டே போனால், வானம் எப்படி இருந்தாலும் பத்திரங்களை உயரத்தில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

எங்கட வீட்டுக்கு ஒருநாளும் வெள்ளம் வந்ததில்லை. எனக்கு ஏன் காப்புறுதி?

வீடு கட்டி எத்தனை வருடம் என்று கேட்டால் பெரும்பாலும் பத்து, பதினைந்து என்று பதில் வரும். பதினைந்து வருடம் ஒரு ஆற்றின் குணத்தை அறியப் போதாது.

'நூறு வருடத்துக்கு ஒருக்கா வரும் வெள்ளம்' என்று பொறியியலாளர்கள் சொல்வதைச் சிலர் ஒருக்கா வந்துவிட்டால் இனி நூறு வருடத்துக்கு வராது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். இருபது வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 18. இருபத்தைந்து வருடத்துக்கு ஒருக்கா என்று கணக்கிடப்பட்ட இடத்தில் வீடு இருந்தால் அதே இருபது வருடத்தில் நூற்றுக்கு 56, அதாவது பாதிக்கு மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வீடு மாறவில்லை, அயல் மாறியிருக்கிறது. போன வருடம் பக்கத்து வளவுக்கு மூன்றடி மண் போட்டார்களா? ரோட்டை உயர்த்தினார்களா? போக்கு மதகு போட்டார்களா, இல்லை அதை மறந்து ரோட்டை மட்டும் போட்டார்களா? முன்பு அந்தப் பக்கம் போன தண்ணீர் இனி எந்தப் பக்கம் போகும் என்று ஒரு மழைநாளில் குடையோடு வெளியே நின்று பாருங்கள்.

புதிதாகக் காணி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

ஆவணி வெயிலில் காணி பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கார்த்திகையில் ஒருக்கா போய்ப் பாருங்கள். அதற்குள் அவசரப்படுத்துகிறார்கள் என்றால், கிணற்றின் உள்வளையத்தில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். வேலிக் கம்பியிலோ வடலியிலோ காய்ந்த சல்லுக் குப்பை ஒட்டியிருந்தால் அது தண்ணீர் விட்டுப்போன அடையாளம். இடத்தின் பெயரில் வில், பள்ளம், தரவை, ஓடை என்று ஏதாவது இருந்தால் அதையும் அலட்சியம் பண்ண வேண்டாம். பெயர் வைத்தவர்கள் அங்கே தண்ணீரைப் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆற்றோரத்துக்கும் குளத்துக்கும் கடற்கரைக்கும் ஒதுக்க நிலம், அதாவது கட்டாமல் விட வேண்டிய நிலம், உண்டு. அதற்குள் கட்டிய வீட்டுக்கு நாளைக்கு இழப்பீடு கேட்கப் போனால் அந்தக் கேள்வி முதலில் எழும்.

வங்கிக் கடன் எடுத்தபோதே காப்புறுதி செய்தாச்சு. அது போதாதா?

பத்துப் பேரில் பாதிப்பேருக்கு மேல் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்பது நான் கண்டது. ஆகவே இதைச் சற்று நிதானமாக வாசியுங்கள்.

வீட்டுக் காப்புறுதி என்று விற்கப்படுவதின் அடிப்படை தீக் காப்புறுதி. அதில் தீயும் மின்னலும் நிச்சயம் இருக்கும். வெள்ளம், சூறாவளி, புயல் ஆகியவை மேலதிகமாகச் சேர்க்க வேண்டியவை. அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். முகவர்கள் 'நெச்சுரல் டிஸாஸ்டர் கவர்' என்பார்கள். அந்தப் பெயரோடு விட்டுவிடாமல், பத்திரத்தின் அட்டவணைப் பக்கத்தில் வெள்ளம் என்ற சொல் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால், வாசிக்கத் தெரிந்த பிள்ளையை பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடற்கரையில் இருக்கிறவர்கள் ஆழிப்பேரலைக்கு இடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சில பத்திரங்களில் அது நிலநடுக்கத்தோடு சேர்ந்து வரும், வெள்ளத்தோடு வராது.

அடுத்தது, வங்கி செய்வித்த காப்புறுதி வங்கியின் கடனைக் காக்கத்தான். தொகை கடன் அளவுக்கே இருக்கும். நட்டஈடு வந்தாலும் வங்கிக்குத்தான் முதல் உரிமை. தளபாடம், குளிர்சாதனப்பெட்டி, தையல் மெசின் எதுவும் அதில் இல்லை, அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கடன் கட்டி முடிந்ததும் அந்தக் காப்புறுதி பேசாமல் நின்றுபோகும். முடிந்து ஐந்து வருடமாகியும் தனக்குக் காப்புறுதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வெள்ளத்துக்குச் சேர்த்த பிறகும் எவை கிடைக்காது?

காணியின் மண் அரித்துப் போனதற்குக் கிடைக்காது. காப்புறுதி கட்டடத்துக்கே. மதில், கேற், கிணறு, வெளியே தனியாகக் கட்டிய மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றை விண்ணப்பத்தில் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் வெள்ளத்தில் முதலில் விழுவது மதில்தான் என்பதால் அதை மறக்க வேண்டாம். பல வருடமாக ஓதம் ஏறிச் சுவர் உதிர்ந்தால் அது வெள்ளச் சேதமாகாது. காசும் நகையும் பொதுவாகச் சேராது, சேர்த்தாலும் உச்சவரம்பு இருக்கும். வீட்டோடு கடை வைத்திருந்தால் கடைச்சாமான் வேறு கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கு அதனுடைய காப்புறுதியைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தொகைக்குச் செய்வது?

இன்றைய விலைக்கு அந்த வீட்டைத் திரும்பக் கட்ட என்ன முடியும் என்பதே தொகை. காணி விலையைச் சேர்க்க வேண்டாம். உப்புவெளியில் காணி விலை ஏறியிருக்கிறது என்று அதையும் கூட்டி எழுதுகிறவர்கள் வீணாகக் கூடுதல் தவணை கட்டுகிறார்கள்.

தொகையைக் குறைத்து எழுதினால் அதைவிடப் பெரிய அடி விழும். திரும்பக் கட்ட 80 இலட்சம் முடியும் வீட்டை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். வெள்ளத்தில் சேதம் 10 இலட்சம். 40 இலட்சம் வரை தருவார்கள்தானே, 10 இலட்சம் முழுதாகக் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்காது. பாதிப் பெறுமதிக்குத்தான் செய்தீர்கள், மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று 5 இலட்சம்தான் வரும். அதிலும் ஒவ்வொரு இழப்பிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு ஒன்று இருக்கும். அதை 'எக்செஸ்' என்பார்கள். அது நூற்றுக்குப் பத்து என்றால் கையில் வருவது நாலரை இலட்சம். 2022க்குப் பிறகு சீமெந்து, கம்பி, கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அதற்கு முன் எழுதிய தொகையை அப்படியே புதுப்பித்து வருகிறவர்கள் இந்தப் பொறிக்குள் ஏற்கனவே நிற்கிறார்கள். புதுப்பிக்கும்போது ஒரு மேசனை அழைத்துச் சதுர அடிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அரசாங்கம் நட்டஈடு தரும்தானே?

தந்திருக்கிறது. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம் வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் 25 இலட்சம் ரூபா வரை ஈடு கிடைக்கும் திட்டம் தொடங்கியது. மக்கள் அதற்குத் தனியாகப் பணம் கட்டவில்லை. டித்வாவுக்குப் பிறகு வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை என்று அரசு அறிவித்தது. உரிமை இருக்கிறவர்கள் இவற்றை விட்டுவிடக் கூடாது. பிரதேச செயலகத்தில் பெயர் பதியப்பட்டதா என்று நீங்களே நேரில் போய் உறுதிப்படுத்துங்கள்.

ஆனால் அரச உதவி ஒவ்வொரு அனர்த்தத்துக்கும் அந்தந்த நேரத்துச் சுற்றுநிருபப்படி தீர்மானமாகும். அடுத்த வெள்ளத்துக்கு எவ்வளவு, யாருக்கு என்பது இன்றைக்கு உங்கள் கையில் எழுத்தில் இல்லை. காப்புறுதிப் பத்திரம் எழுத்தில் இருக்கிறது, வழக்குப் பேசலாம். வசதி இருக்கிறவர்கள் அரச உதவியை நம்பிக் காப்புறுதியைக் கைவிடுவது சரியென்று எனக்குப் படவில்லை.

வட்டி கலந்தது என்று நாங்கள் காப்புறுதி செய்யவில்லை. எங்களுக்கு வழி உண்டா?

உண்டு. தக்காபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதி முறை இலங்கையிலும் நடைமுறையில் இருக்கிறது. எல்லோரும் ஒரு பொது நிதிக்குப் பங்களித்து, இழப்பு வந்தவருக்கு அதிலிருந்து கொடுப்பது அதன் அடிப்படை. உங்கள் மார்க்க அறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். முடிவெடுத்த பிறகு, மேலே சொன்ன வெள்ளம், தொகை, மதில் எல்லாவற்றையும் அந்தப் பத்திரத்திலும் அதே கவனத்தோடு பாருங்கள்.

உறுதி இல்லை, அரச அனுமதிப்பத்திரத்தில் இருக்கிற ஒப்பக் காணிதான். காப்புறுதி தருவார்களா?

காப்புறுதிக்கு வேண்டியது அந்த வீடு அழிந்தால் உங்களுக்கு நட்டம் உண்டு என்ற உரிமை. அனுமதிப்பத்திரம், மின்கட்டணப் பட்டியல், கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றோடு கேட்கலாம். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். இடப்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்கள் பிரதி எடுக்கும் வேலையை மாரிக்கு முன் தொடங்குங்கள்.

மகன் கனடாவில், வீடு பூட்டிக் கிடக்குது. காப்புறுதி செல்லுமா?

தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் செல்லாது என்றொரு நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. ஆளில்லை என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துச் சம்மதம் வாங்குங்கள். பார்க்கிற ஆளின் பெயரையும் கொடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு செய்யலாமா?

அந்த நேரத்தில் நிறுவனம் ஏற்க மறுக்கலாம். ஏற்றாலும் எந்தத் திகதியிலிருந்து செல்லும் என்பதில் கட்டுப்பாடு போடலாம். திருகோணமலையின் வருட மழையில் பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து ஜனவரிக்குள் பெய்கிறது. புரட்டாதிக்குள் காரியத்தை முடித்துவிடுங்கள்.

வெள்ளம் வடிந்துவிட்டது. வீட்டுக்குள் போனதும் என்ன செய்வது?

மெயின் சுவிட்சைத் தொட வேண்டாம், மின்வேலை தெரிந்தவர் பார்க்கட்டும். பாம்பைக் கவனித்துக் கால் வையுங்கள்.

துடைக்க முன் படம் எடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது, ஆனால் எங்கள் பெண்களுக்குச் சேற்றைக் கண்டால் விளக்குமாறு தானாகக் கைக்கு வந்துவிடும். சுவரில் தண்ணீர் நின்ற கோடுதான் உங்கள் முதல் சாட்சி. அதன் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தைப் பிடித்து, திகதியோடு படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்தும் எடுங்கள். மின்சாதனங்களின் பின்புற இலக்கத்தை எடுங்கள். அதே நாளில் நிறுவனத்துக்கு அறிவித்து, கோரிக்கை இலக்கத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள். எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது பத்திரத்தில் இருக்கும், பிந்தினால் அதையே காரணம் காட்டுவார்கள்.

மதிப்பீட்டாளர் வரும் வரை மெத்தையையும் கதவையும் எறிய வேண்டாம், முற்றத்தில் ஒரு பக்கம் அடுக்குங்கள். அழுகி நாறுபவற்றைப் படம் எடுத்துவிட்டு அகற்றலாம். சேதம் கூடாமல் செய்கிற அவசரத் திருத்தம் உங்கள் கடமை. அதற்கான பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். கிராம சேவகரிடம் சேத உறுதிக் கடிதம் எடுங்கள். கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்கிற அளவில் குளோரின் போடும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். அல்லது கண்துடைப்பாகக் கொஞ்சம் தருகிறார்கள்.

எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சோடு திரும்ப வேண்டாம். 'முழுமையும் இறுதியுமான தீர்வு' என்று எழுதிய தாளில் கையெழுத்து வைத்துப் பணம் வாங்கிய பிறகு மேற்கொண்டு பேசுவது கடினம். ஆகவே முதலில் உங்கள் மேசனின் மதிப்பீட்டோடு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். சரிவராவிட்டால் காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நிறுவனங்களைக் கண்காணிப்பது 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணைக்குழு. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று இன்று அழைக்கப்படும் அதற்கும் முறைப்பாடு எழுதலாம், தமிழிலேயே எழுதுங்கள். கிளிவெட்டிப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நாங்கள் மூன்று கடிதம் எழுதினோம். முதல் சொன்ன தொகையைப்போல இரண்டு மடங்கு வந்தது.

கட்ட வசதியில்லை. வேறென்ன செய்யலாம்?

பிளக் பொயின்ற்களையும் மின்பலகையையும் பழைய வெள்ளக்கோட்டுக்கு மேலே மாற்றுங்கள். இது பெரிய செலவில்லை. புது அறை கட்டினால் அத்திவாரத்தை அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு அடி உயர்த்துங்கள். கீழ்ச்சுவரில் மண்கல் வைக்க வேண்டாம், சீமெந்துக் கல் வையுங்கள். உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தூரத்தில் இருக்கிற ஒரு சொந்தக்காரரின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். மூலத்தாள்களை இரட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, மூடி இறுகிய பிளாஸ்ரிக் வாளியில் போட்டு, கூரை மரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த ஆசிரியை இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். வாளியின் மூடியில் கறுப்பு மையால் புதுப்பிக்கும் திகதி எழுதியிருக்கிறது.